சம்பளச் சீட்டா, சொந்தக் கடையா?

விடியற்காலை மணி ஐந்தரை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் கேமரன் மலையின் முதல் பட்டணமாக நம்மை வரவேற்பது ரிங்லெட். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. காய்கறி லாரிகள் கீழே இறங்கத் தயாராகின்றன. பட்டணத்தைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது:

"ஏங்க, தண்ணி கொதிச்சிருச்சு. எந்திரிங்க, பெரட்டுக்கு நேரமாச்சு."

"இன்னும் எத்தனை வருசத்துக்கும்மா இந்தப் பெரட்டு? பேசாம ரிங்லெட்ல ஒரு கடையப் போட்டா என்ன?"

"கடையப் போட்டா வீடு?"

அத்துடன் பேச்சு நின்றுவிடும். அவர் கூடையையோ கத்தரியையோ எடுத்துக்கொண்டு மலைச்சரிவுக்குப் போய்விடுவார். ஆனால் எண்ணம் மட்டும் போவதில்லை. மாலையில் திரும்பி வரும்போது அதுவும் கூடவே வரும்.

வாசகர்களே, அந்த அம்மாள் கேட்ட இரண்டே இரண்டு சொற்களில்தான் இக்கட்டுரையின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவது கோழையின் காரியமல்ல. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது வீரமும் ஆகாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

பரிமாறியவர் முதலாளியான கதை

நம்மைப் போலவே கைக்கும் வாய்க்குமாகச் சம்பளம் வாங்கிய ஒருவரின் கதையை முதலில் பார்ப்போம். அவர் பெயர் ஜி.டி. நாயுடு. 1893-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதும், அதுபோல் ஒன்றை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது.

ஆசை இருந்தால் போதுமா? பணம் வேண்டுமே! கோயம்புத்தூருக்குப் போனார். ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சாப்பாட்டுத் தட்டுகளைச் சுமந்து, வந்த கூலியைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியேவிட்டார். வாங்கியவர் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. அதைக் கழற்றிப் பூட்டி, எந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. நமக்கு வேண்டியதோ அதுதான். நாயுடு பருத்தித் தொழிலில் இறங்கினார். முதலில் நல்ல பணம் வந்தது. ஆசை பெரிதாகிப் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குப் போனார். ஈட்டியதையெல்லாம் அங்கே இழந்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரையின் ஆதரவால், தவணையில் கடனை அடைப்பதாக ஏற்றுக்கொண்டு ஒரே ஒரு பேருந்தை வாங்கினார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அந்தப் பேருந்தைத் தாமே ஓட்டினார். ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்த முன்னோடிகளில் ஒருவராகவும் அவர் விளங்கினார். 1974-இல் மறையும் வரையில் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டேயிருந்தார்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். வேகமாக வந்த பருத்திப் பணம் வேகமாகவே போய்விட்டது. ஒரே ஒரு வண்டியில் தொடங்கி, தம் கையாலேயே ஓட்டி, தவணையை ஒழுங்காகக் கட்டி வளர்த்த தொழில்தான் நிலைத்தது.

வேலையே பள்ளிக்கூடம்

திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் வழி வேறு. அவர் ரயில்வேயிலும் பிறகு வங்கியிலும் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அதைவிடப் பத்திரமான உத்தியோகம் உண்டா? அதை உதறிவிட்டு 1911-இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மதுரைப் பகுதியில் பேருந்து ஓட்டினார். டி.வி.எஸ். பேருந்து வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது வண்டியை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிசையவில்லை. கரிவாயுவில் வண்டி ஓட்டுவதற்கான கருவியைத் தயாரித்தார். 1955-இல் அவர் காலமான பின்னரும் அவர் பெயரில் தொழில்கள் பெருகின. தமிழ்நாட்டுக் கிராமமெங்கும் ஓடிய டி.வி.எஸ். 50 என்ற சின்ன வண்டி 1980-இல் வந்தது.

மூன்றாமவர் நமக்கு இன்னும் கிட்டத்தில் வாழ்ந்தவர். கன்னியாகுமரி மாவட்டம் அகத்தீசுவரத்தில் 1950-இல் பிறந்த எச். வசந்தகுமார், தவணை வியாபாரத்துக்குப் பெயர்போன வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தார். 1978-இல் வெளியே வந்து, சென்னையில் வசந்த் அண்டு கோ என்ற கடையைச் சிறிய அளவில் தொடங்கினார். 2020-இல் அவர் காலமானபோது தமிழ்நாடெங்கும் அதற்குக் கிளைகள் இருந்தன.

விற்பனையாளராக இருந்த காலத்தில் அவர் சம்பளம் மட்டுமா பெற்றார்? வீட்டுக்குத் தேவையான பொருளை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க முடியாத குடும்பம் எப்படி யோசிக்கும், தவணையை எப்படிக் கட்டும் என்பதையெல்லாம் அங்கேயே படித்துக்கொண்டார். ஆகவே, பிறரிடம் வேலை செய்யும் காலத்தை வீண் என்று எண்ணாதீர்கள். பட்டறையில் வேலையா? எந்த உதிரிப்பாகம் எங்கே மலிவு என்று பாருங்கள். உணவுக்கடையில் வேலையா? நாளொன்றுக்கு எத்தனை கிலோ அரிசி போகிறது, எவ்வளவு மிஞ்சி வீணாகிறது என்று எண்ணுங்கள். சம்பளமும் கொடுத்துப் பாடமும் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் வேறெங்கே கிடைக்கும்?

நம் மலையிலேயே ஒரு சாட்சி உண்டு. ரிங்லெட்டை அடுத்த ஹாபுவில் போ தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல் தொழிலதிபர்தான். ஆனாலும் தேயிலைக்கு, இலங்கையில் அந்தத் தொழிலில் ஊறிய மில்ன் என்பவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். கையில் பணம் வைத்திருந்தவருக்கே தொழில் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நமக்குத் தேவையில்லையா?

தோசைக்கடைக் கணக்கு

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி போடுகிறார். சொக்சோ பிடித்தமும் போகக் கையில் கிடைப்பது ஏறக்குறைய 1,500 வெள்ளி. தோட்ட வீடு இருந்தால் வாடகைக் கவலை இல்லை.

இப்போது ஒரு பசியாறல் கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். இது உதாரணக் கணக்குதான். உங்கள் கடைக்கு உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். தோசையும் தேநீருமாக ஒருவர் 4 வெள்ளிக்குச் சாப்பிடுகிறார். நாளைக்கு 60 பேர் என்றால் விற்பனை 240 வெள்ளி! கேட்கவே இனிக்கிறதல்லவா? ஆனால் அரிசி, உளுந்து, எண்ணெய், பால், சீனிக்குப் பாதி போய்விடும். எரிவாயு, பொட்டலத்தாள், கடை வாடகைக்கு 30 வெள்ளி என்றால், மிச்சம் 90.

மாதத்தில் 26 நாள் கடை திறக்கலாம். ஆனால் நம் மலையில் மழையைக் கேட்காமல் மாதம் போகுமா? ஐந்து நாள் மழையில் கழிந்தது, அந்த நாள்களில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று வையுங்கள். மீதி 21 நாளுக்கு 1,890 வெள்ளி. தோட்ட வீட்டை விட்டுவிட்டீர்கள். பட்டணத்தில் வீட்டு வாடகை 500 என்றால் நிற்பது 1,390. சேமநிதிக்கு உங்கள் பங்கையும் முதலாளி போட்டுவந்த பங்கையும் சேர்த்து 408 வெள்ளியை எடுத்து வைத்தால் மிஞ்சுவது 982 வெள்ளி! அதுவும் புருசன் பெண்சாதி இரண்டு பேர் உழைத்து.

பயந்துவிட்டீர்களா? பயம் வேண்டாம், கணக்குதான் வேண்டும். அதே கடையில் நாளைக்கு 90 பேர் சாப்பிட்டால் என்ன ஆகும்? விற்பனை 360, பொருளுக்கு 180, மற்றச் செலவு 30, மிச்சம் 150. இருபத்தோரு நாளுக்கு 3,150. வாடகையும் சேமநிதியும் போகக் கையில் 2,242 வெள்ளி. தொழில் தப்புமா என்பது 60-க்கும் 90-க்கும் நடுவே உள்ள அந்த முப்பது பேரில்தான் இருக்கிறது. அந்த முப்பது பேர் எங்கிருந்து வருவார்கள் என்று தெரியாமல் வேலையை விடக்கூடாது.

தெரிந்துகொள்வது எப்படி? வேலையில் இருந்துகொண்டே, நிர்வாகத்தின் அனுமதி தேவையென்றால் அதையும் பெற்றுக்கொண்டு, ஓய்வு நாளில் செய்து பாருங்கள். வார இறுதியில் சுற்றுலாப் பயணிகள் மலையேறும்போது எத்தனை பேர் நிற்கிறார்கள்? வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் எவ்வளவு பூமாலை விற்கிறது? தீபாவளிக்கு முறுக்குக் கேட்டு எத்தனை வீட்டார் மறுபடியும் வந்தார்கள்? உறவினர் முதல் தடவை வாங்குவது பாசம். முன்பின் அறியாதவர் மூன்றாவது தடவை வருவதுதான் வியாபாரம்.

ஒரு கால் தோட்டத்தில்

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். தோட்ட வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், கோயில் என்று எல்லாமே அந்த வீட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன.

ஆகவே, இருவரும் ஒரே நாளில் வேலையை விடாதீர்கள். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வேலையில் நிற்கட்டும். மற்றவர் தொழிலைத் தொடங்கட்டும். ஓராண்டு போகட்டும். பல வீடுகளில் தொழில் கணவருடையது என்று சொல்லப்படும். மாவு ஆட்டுவது, காசை எண்ணுவது, கடன்காரரிடம் பதில் சொல்வது எல்லாம் மனைவியின் தலையில் விழும். எனவே முடிவை இருவரும் சேர்ந்து எடுங்கள். வீட்டு அம்மாள் "வேண்டாம்" என்றால் அதைத் தடை என்று தள்ளிவிடாதீர்கள். அவர் கணக்கில் நீங்கள் காணாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

வேலையை விடுவதென்று முடிவானால் முறைப்படி விடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர் 6 வாரமும், அதற்கு மேற்பட்டவர் 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். இன்று உங்கள் மண்டோராக இருப்பவர் நாளைக்கு உங்கள் வாடிக்கைக்காரர்!

முதல் எங்கே?

முதலாவது, சொந்தச் சேமிப்பு. தொழிலுக்கு வைத்த பணம் வேறு, வீட்டுக்கு வைத்த பணம் வேறாக இருக்க வேண்டும். ஆறு மாதம் கடையில் ஒரு காசு வராவிட்டாலும் அடுப்பெரிவதற்கு வேண்டியதைத் தனியே ஒதுக்கிய பிறகே மீதியைத் தொழிலில் போடுங்கள். 2024 மே மாதம் முதல் சேமநிதியில் எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு கணக்கு வந்திருக்கிறது. எடுக்க முடிகிறது என்பதற்காக அதைக் கடையில் கொட்டிவிடாதீர்கள். முதுமைக்கு அதுவும் துணை.

இரண்டாவது, கடன். சிறு தொழில்களுக்குக் கடன் தருவதற்காகவே 1998-இல் அமைந்தது தெக்குன். இந்தியச் சமுதாயத்தினருக்கென ஸ்புமி என்ற திட்டமும் அதன்கீழ் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. இப்போதைய நிபந்தனைகளை நேரில் கேட்டு, திருப்பிக் கட்டும் தொகையை முதலில் கணக்கிடுங்கள். மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது ஓர் எச்சரிக்கை. கூட்டுப் பிடிக்கும் தொழிலை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் எங்கே போய்ச் சொல்வீர்கள்? ஆலோங்கிடம் வாங்கும் கடனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது கடையை மட்டுமல்ல, வீட்டின் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

தாள் வேலையைக் கண்டு அஞ்சாதீர்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனிப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. கடைக்கு மாவட்ட மன்றத்தின் உரிமம் வேண்டும். உணவு விற்பவர் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாதவருக்கு வங்கிக் கதவும் திறக்காது, அரசாங்கக் கடனும் கிடைக்காது.

மலையின் குணம்

காய்கறி போடலாம், பூச்செடி வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமரன் மலையில் பல விவசாயிகள் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்து வந்தவர்கள். நிலம் யாருடையது, எந்தத் தாளில், எத்தனை ஆண்டுக்கு என்று நில அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாற்றுகூட நடாதீர்கள். பிறர் வாய்ச்சொல்லை நம்பிப் பிளாஸ்டிக் கூரை போட்டால், காற்றடித்துப் போனாலும் உங்கள் பணம், அதிகாரி வந்து பிரித்தாலும் உங்கள் பணம்.

இயற்கையையும் மறக்கலாகாது. 2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிரையும் வீடுகளையும் கொண்டுபோனதை ரிங்லெட் மக்கள் மறக்க மாட்டார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வாங்குவார் இல்லாமல் காய்கறியைக் குப்பையில் கொட்டினார்கள். பயிர் நன்றாகத்தான் விளைந்திருந்தது. கீழே கொண்டுபோக வழியில்லை. ஒரே சரக்கு, ஒரே மொத்த வியாபாரி என்று இருந்தவர்கள் திணறினார்கள். ஆகவே இரண்டு வழியில் வருமானம் வரும்படி வையுங்கள். காலையில் பசியாறல் என்றால் மாலையில் மாவுப் பொட்டலம்.

நிலைத்து நிற்க

தொடங்குவது ஒரு நாள் வேலை, நிலைத்து நிற்பதுதான் தினசரி வேலை. பல கடைகள் வியாபாரம் இல்லாமல் மூடுவதில்லை. கல்லாப்பெட்டியும் வீட்டுப் பணப்பையும் ஒன்றாகிப் போனதால் மூடுகின்றன. கடையிலிருந்து உங்களுக்கும் சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எடுக்காதீர்கள். பிள்ளையின் பென்சிலானாலும் எடுத்ததை எழுதுங்கள்.

அடுத்தது கடன் புத்தகம். தோட்டத்து மக்களிடம் கடன் இல்லாமல் கடை நடத்த முடியாது. மாமா, அத்தை, சித்தப்பா என்று எல்லாரும் உறவுதான். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு, சம்பள நாளில் தீர்க்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எல்லை வைத்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே எல்லை என்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

மூன்றாவது, நேரம். ஆறு மணிக்குத் திறப்பேன் என்றால் ஆறு மணிக்குத் திறந்திருக்க வேண்டும். லாரி ஓட்டுநர் ஒருநாள் வந்து கதவு சாத்தியிருக்கக் கண்டால், மறுநாள் அடுத்த கடையில் நிற்பார். நான்காவது, உங்கள் முதுமை. சொந்தத் தொழில் செய்கிறவரும் சேமநிதியில் தாமாகவே பணம் கட்டலாம். அதற்கு அரசாங்கம் தன் பங்கும் சேர்க்கும் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. சுயதொழில் செய்வோருக்குச் சொக்சோ பாதுகாப்பும் உண்டு. நாற்பது வயதில் முதலாளி, அறுபதில் கையேந்தி என்ற நிலை வரக்கூடாது.

ஐந்தாவது, எப்போது நிறுத்துவது என்பது. இத்தனை மாதம், இவ்வளவு பணம், அதற்குள் தேறாவிட்டால் மீண்டும் கூலிக்குப் போவோம் என்று முதலிலேயே பேசி வையுங்கள். திரும்பப் போவதில் வெட்கமில்லை. பருத்தியில் எல்லாம் இழந்த நாயுடு வெறுங்கையோடு ஊர் திரும்பியதால்தானே பொள்ளாச்சிப் பேருந்து ஓடியது!

வேலையிலேயே இருக்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தாழ்வல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் அமைத்தார். கூலி வாங்கிய கைகளே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆயின. அவர்கள் ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை.

ஆகவே, இன்றிரவு வேலை முடிந்து கைகால் கழுவியதும் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கத்தில் சம்பளம், சேமநிதி, வீடு. மறு பக்கத்தில் கடை வரவு, மழை நாள், வாடகை. கூட்டிக் கழித்துப் பாருங்கள். "கடையப் போட்டா வீடு?" என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருந்தால் துணிந்து இறங்குங்கள். இல்லாவிட்டால் தாளை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்து மீண்டும் கணக்குப் போடலாம். அதற்குள் அந்த முப்பது வாடிக்கைக்காரரைத் தேடிக்கொண்டிருங்கள்.